வீட்டுக் கடனும் அரை மாத்திரையும்

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். பின்னால ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுக்கும் கூடுவாஞ்சேரி தண்டவாளத்துக்கும் நடுவுல ரெண்டே தெரு. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் பதிவு பண்ண முடியுது, அந்த நேரத்துலதான் தெற்கே போற எக்ஸ்பிரஸ் எல்லாம் வரிசையா போகும்.

போன மாசம் வீட்டுச் செலவு பத்திப் பேசினேன் இல்லையா, அதுக்கு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்கணும்னா எவ்வளவு தூரம் வயித்தைக் கட்டலாம்?" நல்ல கேள்வி. எனக்கு இதுக்கு ஒரு பதில் இருக்கு, ஆனா அந்தப் பதிலைச் சொல்லணும்னா எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லியாகணும். அதைச் சொல்லலாமானு எங்க அத்தைகிட்ட, அதாவது என் மாமியார்கிட்ட, அனுமதி கேட்டேன். "என் பேரைச் சொல்லாம சொல்லு"ன்னாங்க. அதனால அவங்க இன்னைக்கு முழுக்க "அத்தை"தான்.

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். நான் மாம்பலத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவ. கணக்கைச் சொல்லாம எனக்குக் கதை வராது.

2019 நவம்பர்ல 25 லட்சம் கடன் வாங்கி இந்த ஃபிளாட்டை வாங்கினோம். 20 வருஷம், 8.25 சதவீத வட்டி. மாசத் தவணை 21,302 ரூபாய். முதல் தவணையில வட்டிக்குப் போனது 17,188. அசல்ல கழிஞ்சது 4,114. ஆபீஸ்ல அடுத்தவங்க கடன் அட்டவணையை நூறு தடவை பார்த்திருக்கேன். ஆனா நம்ம பேருல அந்த 4,114-ஐப் பார்க்கறப்ப வயித்துல ஒரு மாதிரிதான் இருக்கும்.

அஞ்சு மாசம்கூட ஆகலை, ஊரடங்கு வந்திருச்சு. எங்க வீட்டுக்காரர் அப்ப ராயப்பேட்டையில ஒரு அச்சகத்துல மெஷின் பார்த்துக்கிட்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பள்ளிக்கூட நோட்டு, எல்லாமே நின்னு போச்சு, அச்சகத்தையும் மூடிட்டாங்க. ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாசத் தவணை விலக்கை, மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், நாங்க எடுத்துக்கிட்டோம். எடுக்காம இருந்திருக்க முடியாது. அந்த ஆறு மாச வட்டி, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அசலோட சேர்ந்திருச்சு. வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் அரசாங்கம் அந்த வருஷக் கடைசியில திருப்பிக் கொடுத்துச்சு. எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த மாசத்து மளிகைக்கு ஆச்சு.

அப்புறம் வட்டி குறைஞ்சது. ரெப்போ விகிதம் 4 சதவீதத்துக்கு வந்தப்ப எங்க வட்டி 7.10. சரி, தலை தப்பிச்சோம்னு இருந்தோம். 2022 மே மாசத்துல இருந்து ஏற ஆரம்பிச்சது. 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 6.5. எங்க வட்டி 9.60.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க, நானும் ஏமாந்தேன். வட்டி ஏறினா தவணை ஏறும்னு நினைப்போம். தவணை ஏறலை. மாசாமாசம் அதே 21,302-தான் அக்கவுண்ட்ல இருந்து போச்சு. அதனால எதுவும் மாறலைன்னு நினைச்சுட்டேன். தவணையைத் தொடாம காலத்தை நீட்டிட்டாங்க. நான் ஊருக்கே கணக்கு எழுதறவ, என் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கலை. மார்ச் கடைசியில வருமான வரி வேலைக்காக எடுத்தப்பதான் பார்த்தேன். பாக்கி 24 லட்சத்து 30 ஆயிரம். அந்த மாசத் தவணையில வட்டி 19,440, அசல் 1,862. பாக்கி மாசங்கள் 306.

மூணு வருஷம் நாலு மாசம் கட்டின பிறகு, 240 மாசக் கடன்ல 306 மாசம் பாக்கி. அதாவது 2048. எனக்கு அப்ப 64 வயசு. என் பொண்ணுக்கு 36.

(நீங்களும் மிதக்கும் வட்டியில கடன் வாங்கியிருந்தா, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திட்டுப் போய் உங்க அறிக்கையைப் பாருங்க. நான் காத்திருக்கேன். அதே வருஷம் ஆகஸ்ட்ல, வட்டி மாறினா தவணையை ஏத்தறதா காலத்தை நீட்டறதான்னு கடன் வாங்கினவங்களைக் கேட்கணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. எங்களுக்கு அது அஞ்சு மாசம் தாமதம்.)

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். தவணையை 21,302-ல இருந்து 26,000 ஆக்கினா, 306 மாசம் 173 மாசமாயிடும். மாசம் 4,700 ரூபாய்க்கு 11 வருஷம்! முதல் தடவை பார்க்கறவங்களுக்கு நம்பவே முடியாது. விஷயம் இதுதான்: 21,302-ல கிட்டத்தட்ட எல்லாமே வட்டிக்குப் போயிட்டிருந்தது. அதுக்கு மேல போடற ஒவ்வொரு ரூபாயும் நேரா அசல்லதான் விழும். தனிநபர் பேருல இருக்கிற, மிதக்கும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டினா அபராதமும் கிடையாது. மறுநாளே லீவு போட்டுட்டுப் போய் எழுதிக் கொடுத்தோம். ஏப்ரல்ல இருந்து 26,000.

அந்த 4,700 எங்க இருந்து வந்துச்சு? ஒரே இடத்துல இருந்து வரலை. ஆரஞ்சு பால் பாக்கெட் நீலமாச்சு. ஆன்லைன்ல சாப்பாடு வரவழைக்கிறது நின்னுச்சு. கரண்ட் பில்லுல பெரிய பாடம் கத்துக்கிட்டேன். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறறதில்ல, கீழே இருக்கிற அடுக்குல கிடைச்ச மலிவு விலையும் போயிடும். என் பொண்ணு ஞாயித்துக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து காலண்டர்ல எழுத ஆரம்பிச்சா. 480, 470, 455-னு இறங்கறப்ப அவளுக்கு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

ரேஷன் கடையைச் சொல்லணும். எங்க கார்டுக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் உண்டு. அதுவரைக்கும் நான் வாங்கினதே இல்லை. எதுக்கு அந்த வரிசைல போய் நிக்கணும்னு ஒரு எண்ணம். வெட்கம்னுதான் சொல்லணும், வேற பேரு அதுக்கு இல்லை. 24 லட்சம் கடன் இருக்கிறவளுக்கு என்ன அந்தஸ்து? போய் நின்னேன். முன்னாடி நின்ன அம்மா என் பையைப் பார்த்துட்டு, "பருப்புக்குத் துணிப்பை சரி, எண்ணெய்க்குப் பாத்திரம் வேணாம், பாக்கெட்டுதான் தருவாங்க"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க.

இதெல்லாம் நல்ல சிக்கனம். எனக்கு இதுல ஒரு சந்தோஷமும் இருந்துச்சு, அதை மறைக்கலை. எங்க வீட்டுக்காரருக்கு அதுக்குள்ள கிண்டியில ஒரு பேக்கேஜிங் கம்பெனியில வேலை கிடைச்சிருந்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனா மாசம் பொறந்தா வந்திரும். ராத்திரி சாப்பிட்ட பிறகு ரெண்டு பேரும் கூடத்துல நோட்டை விரிச்சு உட்காருவோம். போன மாசம் எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவு. செலவு குறைஞ்ச இடத்துல எல்லாம் நான் பச்சைப் பேனாவுல ஒரு டிக் போடுவேன். ஆபீஸ் பழக்கம். 2024 ஜனவரியில 50,000 ரூபாய் மொத்தமா அசலுக்குக் கட்டினோம். அன்னைக்கு வீட்டுல பால் பாயசம்.

அந்த டிக்குதான் இன்னைய விஷயம்.

2024 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் ஆபீஸ் இருந்தது, நான் வீட்டுல இல்லை. கீழ் வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க. அவங்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல ஒரு அக்கா மாசாமாசம் வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துட்டுப் போவாங்க. 2021-ல ஆரம்பிச்ச திட்டம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு எங்க அத்தை கீழே பாட்டிகிட்ட பேசிக்கிட்டிருந்திருக்காங்க. "உங்களுக்கும் பார்த்துடறேன் பாட்டி, கையை நீட்டுங்க"ன்னு அந்த அக்கா சொல்லியிருக்காங்க. பார்த்தா, 182-க்கு 100.

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேனே."

"முழுசா போடறீங்களா?"

அத்தை பதில் சொல்லலை. என் பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. பாட்டி ராத்திரி மாத்திரையைக் காய் நறுக்கற கத்தியில வெட்டறதை அவ பார்த்திருக்கா. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பார்னு நினைச்சிருக்கா. அவ சொல்லிட்டா.

ஏழு மாசம். பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை ரெண்டையும் பாதிப் பாதியா. ஒரு மாச மாத்திரையை ரெண்டு மாசத்துக்கு.

நான் சாயந்திரம் வந்ததும் முதல்ல எனக்கு வந்தது கோபம்தான். கண்ணீரெல்லாம் அப்புறம். "ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க, ஏதாவது ஆகியிருந்தா?"ன்னு சத்தம் போட்டேன். அவங்க அமைதியா புடவைத் தலைப்பை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு என்னம்மா, அரையே போதும்போல இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் ராத்திரி கணக்குப் போடறது எல்லாம் காதுல விழுது. நானும் ஏதோ என்னால ஆனது."

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்தேன். பிப்ரவரி மாசப் பக்கம். "மருந்து" வரி. ஜனவரியில 430, பிப்ரவரியில எதுவும் இல்லை. மார்ச்ல 430, ஏப்ரல்ல இல்லை. அத்தை தன் பையன்கிட்ட "இன்னும் இருக்குப்பா, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்"னு சொல்லியிருக்காங்க, அவரும் விட்டுட்டார். பிப்ரவரி வரிக்குப் பக்கத்துல என் பச்சை டிக். ஏப்ரலுக்குப் பக்கத்துலயும். ஜூன்லயும்.

மாத்திரை ஏன் குறைஞ்சதுன்னு நான் ஒரு தடவை கூடக் கேட்கலை. குறைஞ்சதுன்னு பார்த்தேன், டிக் போட்டேன்.

மறு வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா அத்தையைத் திட்டலை, என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தாங்க. மாத்திரையை மாத்தி எழுதினாங்க, ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, திட்டத்துல பேரும் சேர்த்துட்டாங்க. இப்ப அந்த அக்கா எங்க வீட்டுக்கும் வர்றாங்க. மாத்திரைக்குக் காசு இல்லை. அதாவது, அத்தை ஏழு மாசம் உடம்பை வருத்தி மிச்சப்படுத்தின ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை, ஒரு தடவை கீழே இறங்கிப் போய்க் கேட்டிருந்தாலே மிச்சப்படுத்தியிருக்கலாம். கேட்காததுக்குக் காரணம் அத்தை இல்லை. பாட்டிக்கு மாத்திரை வர்றது எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். ரேஷன் வரிசைக்கு இருந்த அதே வெட்கம் இதுக்கும் இருந்தது, பருப்புல போனது மாத்திரையில போகலை.

அப்ப இருந்து நோட்டுல ஒரு மாத்தம் பண்ணினேன். செலவு குறைஞ்சா டிக் இல்லை. பக்கத்துல ஒரு பத்தி, "யாரால?" ஏதாவது ஒரு செலவு குறைஞ்சதுன்னா, அது யார் கையில இருந்து குறைஞ்சதுன்னு எழுதணும். எழுத முடியலைன்னா போய்க் கேட்கணும்.

ஒரு வருஷத்துப் பழைய பக்கங்களை அப்படித் திரும்பிப் பார்த்தேன். கரண்ட் பில் குறைஞ்சது, எல்லாராலயும். நல்லது. வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோ பிடிக்காம நடந்து வர்றது அவரா எடுத்த முடிவு, "தொப்பை குறையுது"ன்னார், நம்பறேன். பொண்ணு பள்ளிக்கூட டூர் போகலை. அப்ப "எனக்கு இஷ்டமில்லைம்மா"ன்னா. கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, "1,800 ரூபாய்மா"ன்னா. தொகையைக் கரெக்டா ஞாபகம் வெச்சிருந்தா. இஷ்டமில்லாதவளுக்கு அது எதுக்கு?

அப்புறம் ஒரு வரி. "வேலைக்கு வர்றவங்க: 1,500, நிறுத்தம்." நாங்க 2023 ஏப்ரல்ல நிறுத்தினோம். பாத்திரமும் துணியும் நாமளே பார்த்துக்கலாம்னு. நியாயம்தானே? ஆனா "யாரால"ங்கற பத்தியில என்ன எழுதறது? எங்க வீட்டுக் கடனுக்கு மாசம் 1,500 ரூபாய் கட்டினது அவங்கதானே. அவங்களை நான் இன்னும் காய்கறிக் கடையில பார்க்கிறேன், நல்லாத்தான் பேசறாங்க. வேற ரெண்டு வீடு கிடைச்சிருச்சுன்னாங்க. இதுக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கலை. திரும்பக் கூப்பிடற அளவுக்கு எங்க நிலைமை இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிருக்கேன்.

நன்றி பத்தி நிறைய பேசறாங்க இப்ப. காலையில எழுந்ததும் மூணு விஷயத்துக்கு நன்றி எழுதுங்கன்னு போன்ல ஆப் எல்லாம் இருக்கு. நானும் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். சூரியன், காத்து, ஆரோக்கியம். ரெண்டாவது வாரம் எழுத ஒண்ணும் இல்லை. எனக்கு அது ஒட்டலை. நம்மைவிடக் கஷ்டப்படறவங்களைப் பார்த்து நிம்மதி அடையறதும் எனக்குப் பிடிக்காது. அடுத்தவங்க கஷ்டம் என்ன நம்ம வீட்டு மின்விசிறியா, போட்டுக்கிட்டுக் காத்து வாங்க?

ஆனா அந்தப் பத்தியில ஆள் பேரு எழுத ஆரம்பிச்சதும் வேற மாதிரி ஆச்சு. ஏன்னா செலவு குறைஞ்சதுக்கு மட்டும் இல்லை, செலவே ஆகாததுக்கும் ஆள் இருக்காங்க. கீழ் வீட்டுப் பாட்டி வாரம் ஒரு தடவை முருங்கைக்கீரை அனுப்புவாங்க, கட்டு 20 ரூபாய். பொண்ணு கிளை நூலகத்துல இருந்து எடுத்துட்டு வர்ற புத்தகம். (அது இலவசம் இல்லை, சொத்து வரியோட நாம நூலக வரியும் கட்டறோம். கட்டறவங்கள்ல எத்தனை பேர் போறோம்ங்கறது வேற விஷயம்.) நானும் அத்தையும் சாதாரண டவுன் பஸ்ல காசு இல்லாம போறது. வீடு வீடா மாடிப்படி ஏறி மாத்திரை கொடுக்கிற அக்கா. அவங்களுக்கு வெயில் காலத்துல மோர் கொடுக்கிறது இப்ப அத்தையோட வேலை. வேற யாரையும் கொடுக்க விட மாட்டாங்க.

இந்தப் பத்தியைப் பின்னோக்கி நிரப்பிக்கிட்டே போனப்ப 2019-க்கு வந்துட்டேன். அங்க ஒரு வரி இருந்தது: "அக்கா: 2,00,000."

அக்கான்னா எங்க பெரியப்பா பொண்ணு. திண்டிவனத்துல இருக்காங்க. வீடு வாங்கறப்ப எல்லாரும் விலையைத்தான் பார்ப்பாங்க, பத்திரச் செலவை மறந்துடுவாங்க. அப்ப முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், மொத்தம் 11. கடைசி வாரத்துல 2 லட்சம் துண்டு விழுந்தது. வங்கி அதுக்குக் கடன் தராது. அக்காவுக்கு போன் பண்ணினேன். ரெண்டாம் நாள் பணம் வந்தது. "எப்ப முடியுதோ அப்பக் கொடு"ன்னாங்க. எழுத்து இல்லை, வட்டி இல்லை.

2024 ஆகஸ்ட் வரைக்கும் அதுல நாங்க திருப்பிக் கொடுத்தது 40,000. அஞ்சு வருஷத்துல! அதே காலத்துல வங்கிக்கு அதிகத் தவணை கட்டினோம், 50,000 மொத்தமா கட்டிப் பாயசம் வெச்சுச் சாப்பிட்டோம்.

இதுல கணக்குப்படி தப்பே இல்லை, அதுதான் விஷயம். எந்தக் கடனை முதல்ல அடைக்கணும்? வட்டி அதிகமா இருக்கிறதை. வங்கிக் கடன் 9.60. அக்கா கடன் பூஜ்யம். என்கிட்ட ஆலோசனை கேட்கிற எவருக்கும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். வட்டியில்லாக் கடனைக் கடைசியில அடைங்கன்னு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தவணை தவறினா அபராதம் போடறவங்களுக்கு முதல் மரியாதை. ஒரு வார்த்தை கேட்காதவங்களுக்குக் கடைசி வரிசை. பூஜ்யம்ங்கறது எனக்குத்தான், அக்காவுக்கு இல்லை. 2 லட்சத்தை 6 சதவீதக் கூட்டு வட்டியில அஞ்சு வருஷம் போட்டிருந்தா 67,000 ரூபாய்க்கு மேல வந்திருக்கும். அத்தை மாத்திரை மாதிரியே இதுவும். நான் மிச்சம்னு நினைச்சது இன்னொருத்தர் சத்தமில்லாம கட்டிக்கிட்டிருந்த பணம்.

அடுத்த முன்கட்டணத்துக்குன்னு 60,000 சேர்த்து வெச்சிருந்தோம். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "இதை அசல்ல போட்டா எத்தனை மாசம் குறையும்?"ன்னு கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், அப்படிக் கேட்கப் பழக்கினதே நான்தான். பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். "சரி, அனுப்பிடு"ன்னார்.

அந்தத் தீபாவளி போனஸ் 30,000, இந்த வருஷம் சித்திரையில சீட்டுப் பணத்துல இருந்து 35,000. கடைசி 35,000-ஐ வங்கி மூலமா அனுப்ப மனசு வரலை. ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை, அத்தையையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு நேரா திண்டிவனத்துக்கே போயிட்டேன்.

அங்க நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி, கடன் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க, சொல்லிடறேன். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவுல ரெப்போ ஒரு சதவீதம் குறைஞ்சது, எங்க வட்டி 8.60 ஆச்சு. வட்டி குறையறப்ப தவணையைக் குறைச்சுக்காதீங்க, முடிஞ்சா அப்படியே விடுங்க. நாங்க 26,000-லயே விட்டோம். பாக்கி 21 லட்சத்து 35 ஆயிரம் சுமார், 124 மாசம். 2048 இப்ப 2036 ஆயிருக்கு. அக்காவுக்குக் கொடுத்த 1,60,000-ஐயும் வங்கியிலயே போட்டிருந்தா இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல குறைஞ்சிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடலை.

பால் இன்னும் நீலப் பாக்கெட்தான். ரேஷன் பருப்புதான். மீட்டர் இன்னும் காலண்டர்ல. பொண்ணு இந்த வருஷம் டூருக்குப் போயிட்டு வந்தா, ஏலகிரி. மாத்திரை டப்பாவை மட்டும் இப்ப நான் மாசம் முதல் தேதி எண்ணிப் பார்க்கிறேன். அத்தைக்கு அதுல கோபம். "என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?" "ஆமா"ன்னு சொல்லிட்டு எண்ணுவேன்.

திண்டிவனத்துல அக்கா மதியச் சாப்பாடு போட்டாங்க. வத்தக்குழம்பு, அப்பளம், அத்தைக்கு மட்டும் உப்புக் கம்மியா ஒரு பொரியல். எப்படித் தெரியும்னு கேட்டா, "போன்ல நீதானே சொன்னே"ங்கறாங்க. சாப்பிட்டு முடிச்சு வெத்தலைத் தட்டுல பணத்தை வெச்சுக் கொடுத்தேன். எண்ணலை. "வட்டியா ஏதாவது..."ன்னு நான் ஆரம்பிச்சதும், "எழுந்து போடி"ன்னாங்க.

பணத்தை எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போனாங்க. நானும் பின்னாலயே போனேன். அந்த ரூம்ல கட்டில் சுவரை விட்டு நடுவுல கிடந்தது. மேல பார்த்தேன். தளத்துல பெரிசா ஈரம் பூத்து, சுண்ணாம்பு உரிஞ்சு தொங்குது. கட்டிலுக்கு அடியில ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின்.

"எவ்வளவு நாளா ஒழுகுது?"

"ரெண்டு மழைக்காலமா. மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கணும்ங்கறான் கொத்தனார். பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

ரெண்டு மழைக்காலம். அதுல ஒண்ணு, நாங்க பாயசம் வெச்சதுக்கு முந்தின மழை. நான் ஒண்ணும் பேசலை. அவங்களும் அதைப் பத்திப் பேசலை. பேசினை எடுத்து வெளியில வெச்சுட்டு, கட்டிலைச் சுவரோரமாத் தள்ள ஒரு கை பிடிக்கச் சொன்னாங்க.

புரட்டாசியில வேலை முடிஞ்சுதுன்னு போட்டோ அனுப்பியிருந்தாங்க. சிவப்பு ஓடு. இப்ப ரெண்டு நாளா அங்கயும் நல்ல மழை. இன்னைக்குக் காலையில போன் பண்ணிக் கேட்டேன், ஒழுகலையாம்.

சரி, அடுத்த ரயில் வரப் போகுது. அடுத்த வாரம், கடனை முழுசா அடைச்ச பிறகு பத்திரத்தை எப்படித் திரும்ப வாங்கறது, வில்லங்கச் சான்றுல என்ன பார்க்கணும்னு ஒருத்தர் வந்து பேசப் போறார். அவர் அடைச்சவர். எனக்கு இன்னும் 124 மாசம் இருக்கு. வணக்கம்.